தெர்மோஸ்டாட் மேல் பழி போடாதீர்கள்

பெரியகுளத்தில் ஆரம்பித்துக் கூடலூர் வரை ஏதாவது ஒரு கார் பட்டறை வாசலில் நின்று, "வண்டி ரொம்பச் சூடாகுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்ருவோம் சார். அது குளிர் தேசத்துச் சாமான். நம்ம ஊருக்கு எதுக்கு?" அரை மணி நேர வேலை. பையன் ஒருவன் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாமானை எடுத்துத் தகர டப்பாவில் போடுவான். வண்டிக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவார். அடுத்த தடவை போடிமெட்டு ஏறும்போது வண்டி மறுபடியும் ஆவி விடும்.

இந்த வைத்தியத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் புகாரை விசாரிப்பது வேறு, அகப்பட்டவன் ஒருவனைப் பிடித்துத் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடுவது வேறு என்பதை அந்த முப்பத்தைந்து வருடமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் விஷயத்தில் நடப்பது இரண்டாவது வகை.

எந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி போடியில் இருக்கிறார். ஏலக்காய் வியாபாரம். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று 1959-ல் வந்த வண்டி. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் 1961 முதல் அதை நம்மவர்கள் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். அம்பாசடர் வீட்டுப் பெரியவர் என்றால் ஹெரால்டு காலேஜுக்குப் போகும் பையன். முன்பக்கத்து மட்கார்டு, விளக்கு, பானட் எல்லாம் ஒரே துண்டாக முன்னால் கவிழும். பானட்டைத் திறந்தால் எஞ்சின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த மாதிரி.

இதே ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கி, இதே குடும்பத்து எஞ்சினைப் பெரிதாக்கி, இரட்டைக் கார்புரேட்டர் போட்டு 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு ஆள் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அந்த ஸ்பிட்ஃபயரை இந்தியாவில் நாம் செய்யவில்லை. ஆகவே நம் ஊர் வாலிபர்கள் ஹெரால்டையே ஸ்பிட்ஃபயர் ஆக்கப் பார்த்தார்கள். சோழவரம் பந்தயங்களின் காலம் அது. என் மைத்துனர் வாங்கிய வண்டியும் அப்படி ஒரு ஆசைக்காரரின் கையில் இருந்ததுதான். இரட்டைக் கார்புரேட்டர், தாழ்த்திய ஸ்பிரிங், கிரில்லுக்கு முன்னால் தட்டு மாதிரி இரண்டு பெரிய விளக்கு. பார்க்க ஜோர்தான். ஆனால் சூடாகும்.

முதல் பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார்கள். சூடு குறையவில்லை. இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கரண்ட் ஃபேன் மாட்டினார்கள். அதுவும் போதவில்லை. அங்கேதான் அந்தக் காரியமும் நடந்தது. சோதனை ஓட்டம் போய்த் திரும்பிய வண்டியின் ரேடியேட்டர் மூடியை, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்தான். கொதிநீரும் ஆவியும் கையிலிருந்து கழுத்து வரை அடித்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது முழங்கையை இன்றும் அவனால் முழுதாக நீட்ட முடிவதில்லை. மூன்றாவது பட்டறையில் சொன்னார்கள்: "பழைய வண்டின்னா அப்படித்தான்ணே சூடாகும். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு ஒரு மாருதி வாங்கிக்கங்க."

பழைய இரும்புக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். மைத்துனர் ஏறக்குறைய மனசு விட்டுவிட்டார். "போதும் மாமா. ஒரு பையன் கையே போச்சு. இந்த வண்டி ராசியில்ல" என்றார். ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை மாப்ள, மூன்று பட்டறையிலும் வைத்தியம் பார்த்தார்களே தவிர ஒருத்தரும் நாடி பிடிக்கவில்லை என்றேன். இனி எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம், தெர்மோஸ்டாட் குளிர்நாட்டுச் சாமான் என்பது. அது என்ன செய்கிறது? ஒரு பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. எஞ்சின் தண்ணீர் சுமார் 82 டிகிரிக்கு வரும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு சின்னக் கதவைத் திறக்கிறது. அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்பதற்காகத்தான். அதற்கு மேல் சூடு ஏற ஏறக் கதவு முழுக்கத் திறந்துகொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள். வண்டி கொதிக்கும்போது தண்ணீர் 82 டிகிரியைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருக்கும். கதவு எப்போதோ திறந்துவிட்டது. திறந்து கிடக்கும் கதவைக் கழற்றி எறிந்தால் உள்ளே எவ்வளவு காற்று கூடிவிடும்?

கதவு மூடியபடி மாட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது தெர்மோஸ்டாட்தான் குற்றவாளி. ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையே வேண்டாம், சமையலறை போதும். சாமானை நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் அடி படாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஆய்வகத்துத் தெர்மாமீட்டர். 82-ஐ ஒட்டித் திறக்கிறதா, ஆறும்போது மூடுகிறதா? இரண்டும் நடந்தால் அது நிரபராதி. நடக்காவிட்டால் புதியது வாங்கிப் போடுங்கள். எந்தத் தீர்ப்பிலும் "கழற்றிவிட்டு ஓட்டு" என்று வராது.

கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும்? சமதரையில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் ஆயிலுக்குள் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி, ஆயில் சேறாகும். சிலிண்டர் தேயும். பெட்ரோல் கூடச் செலவாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே சுற்றுவழி ஒன்றை அடைக்கும்படி செய்திருப்பார்கள். அதைக் கழற்றினால் சூடான தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் அந்தச் சுற்றுவழியில் ஓடி, வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடாகும். நோயைத் தீர்க்கிறேன் என்று நோயைக் கூட்டுவதற்கு வைத்தியம் என்று பெயரா?

இரண்டாவது வாதம், நம்ம ஊர் வெயில். தேனி வெயிலில் 38, 39 டிகிரி போகும்தான். ஆனால் ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீர் 85, 90 டிகிரி. இரண்டுக்கும் நடுவே ஐம்பது டிகிரி வித்தியாசம் இருக்கிறது. சூடு வெளியே போக அது தாராளம். வெயில் பளுவைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் இதே வெயிலில்தான் அந்தக் காலத்தில் ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும் குமுளி மலை ஏறி இறங்கின. வண்டலூர் வெயிலில் செய்த வண்டிக்குப் போடி வெயில் ஆகாது என்பது வேடிக்கையான பேச்சு.

மூன்றாவது வாதம், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்பது. இதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. வயதானவர் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால், "வயசாச்சில்ல, அப்படித்தான்" என்று அனுப்பிவிடும் டாக்டர்களை நாம் பார்த்திருக்கிறோம். மூச்சு வாங்க ஒரு காரணம் இருக்கும். ரத்தசோகையா, இதயமா, நெஞ்சில் சளியா என்று பார்க்காதவர் வயதின் மேல் போட்டுவிடுகிறார். வயது எஞ்சினைச் சூடாக்காது. அடைப்பு சூடாக்கும், கசிவு சூடாக்கும், தவறான டைமிங் சூடாக்கும். மூன்றும் சரிசெய்யக் கூடியவை.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியம். அப்பாவுக்கு அங்கே வேலை. இங்கே வந்து தமிழ்நாட்டு அரசு உத்தியோகம் பார்த்தபோது அந்தப் பிரெஞ்சால் காலணா பிரயோஜனம் இல்லை என்று எல்லாரும் கேலி செய்தார்கள். ஆனால் எங்கள் முசியே ஒருவர் பலகையில் எழுதிப் போட்ட தெகார்த்தின் நான்கு விதிகள் மட்டும் மனசில் தங்கிவிட்டன. 1637-ல் அந்த மனிதர் படித்தவர்களின் லத்தீனை விட்டுவிட்டுச் சாதாரண ஜனங்கள் பேசும் பிரெஞ்சில் எழுதிய புத்தகத்தில் வருகிறது. விஷயம் இவ்வளவுதான். தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஒப்புக்கொள்ளாதே. பெரிய சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரி. எளிதானதில் தொடங்கிக் கடினமானதற்குப் போ. கடைசியில் எதையும் விட்டுவிடவில்லையே என்று பட்டியல் போட்டுச் சரிபார். ஒரு நல்ல தலைமை எழுத்தர் கோப்பைப் பார்க்கும் முறையும் இதுதானே?

முதல் விதிப்படி, வண்டி நிஜமாகவே சூடாகிறதா? அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் வெப்ப முள்ளுக்கும் பெட்ரோல் முள்ளுக்கும் பொதுவாக ஒரு சின்ன மின்சாரச் சீராக்கி இருக்கும். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும். டாங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது முள் முழுசு காட்டினால், வெப்ப முள்ளையும் நம்பாதீர்கள். எங்கள் வண்டியில் ஆவியே வந்ததால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, எப்போது சூடாகிறது? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேனி – போடி சமதரையில் ஐம்பது அறுபதில் போனால் சூடு இல்லை. போடி கடைவீதி நெரிசலில் முள் ஏறுகிறது. போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் கொதிக்கிறது. இறங்கும்போது முள் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கடைசியில் சொன்னது தெர்மோஸ்டாட் இல்லாததன் அடையாளம். மற்றவை என்ன சொல்கின்றன? வேகமாகப் போகும்போது காற்று தானாக ரேடியேட்டரில் புகுகிறது, அப்போது தொல்லை இல்லை. மெதுவாகப் போகும்போது மின்விசிறிதான் இழுக்க வேண்டும், அப்போதுதான் தொல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்று. நேர்மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் சூடாகிக் கடைவீதியில் சும்மா இருந்தால் முதலில் ரேடியேட்டர் அடைப்பையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஒரே ஒரு கேள்வியை மூன்று பட்டறையிலும் யாரும் கேட்கவில்லை.

போடியில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டவர். நோட்டைப் படித்துவிட்டு, "இப்படி எழுதிக் கொண்டாந்தா பாதி வேலை முடிஞ்சுதுங்கய்யா" என்றார். பானட்டைக் கவிழ்த்துப் பார்த்தவர் முதலில் கை காட்டிய இடம் ரேடியேட்டரின் இரண்டு பக்கமும். அங்கே ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் கெட்டி அட்டையில் தடுப்பு இருக்க வேண்டும். கிரில் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் தப்பித்து ஓடாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போவதற்காக வைத்தது. வெறும் அட்டைதானே என்று யாரோ எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டார்கள். வாய்க்காலுக்குக் கரை இல்லாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? பெரியாற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் நமக்கு இதைச் சொல்ல வேண்டுமா? அதோடு கிரில்லை மறைத்து அந்த இரண்டு விளக்கு. அதற்குப் பின்னால், வரும் கொஞ்சக் காற்றையும் மறித்துக்கொண்டு புதிதாக மாட்டிய கரண்ட் ஃபேன்.

அடுத்து டைமிங். பந்தய ஆசையில் யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி வைத்திருந்தார்கள். தீப்பொறி தாமதமாக விழுந்தது. தாமதமாக எரிந்தால் பெட்ரோலின் சக்தி சக்கரத்துக்குப் போகாமல் எஞ்சின் தலையிலும் சைலன்சர் குழாயிலும் சூடாக இறங்கும். கார்புரேட்டர் கலவையிலும் பெட்ரோல் குறைவு. போதாததற்கு இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் விட்ட கார்புரேட்டருக்குக் கலவை இன்னும் இளைக்கும். பழைய வண்டிக்காரர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு கலவையைச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பையனின் கை இதில்தான் வெந்தது. தெனி பபேன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். (தெனி என்பது அவர் பெயர், ஊர் நம்முடையது!) 1679-ல் லண்டனில் அவர் ஒரு பாத்திரம் செய்தார். இறுக்க மூடி உள்ளே ஆவியை அடைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, இன்னும் மேலே போகும், எலும்பும் வெந்துவிடும் என்று காட்டினார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார். நம் வீட்டுக் குக்கரின் பாட்டன் அது. ரேடியேட்டர் மூடியும் அதே வம்சம். உள்ளே அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். ஏழு பவுண்டு மூடி நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது.

மலை ஏற ஏற இந்த மூடியின் மதிப்பும் ஏறும். போடிமெட்டு ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் செத்திருந்தால் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். கீழே சரியாக ஓடிய வண்டி மேலே கொதிக்க இது ஒன்றே போதும். எங்கள் வண்டியின் மூடியை விரலால் அமுக்கினால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. சில நூறு ரூபாய் சாமான். ஆயிரக்கணக்கில் செலவழித்த இரண்டு பட்டறையிலும் இதை யாரும் மாற்றவில்லை.

அதே காரணத்தால்தான் சூடான மூடியைத் திறக்கவே கூடாது. செத்த மூடியானாலும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருக்கும். திறந்த மாத்திரத்தில் அழுத்தம் போய், 100 டிகிரியைத் தாண்டி அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகிப் பாயும். ஈரச் சாக்கு அதைத் தடுக்காது. விசில் அடங்காத குக்கரை நம் வீட்டுப் பெண்கள் யாராவது திறப்பார்களா? அவர்களுக்குத் தெரிந்தது பட்டறையில் ஏன் தெரியாமல் போகிறது?

கடைசியாகத் தண்ணீர். எஞ்சின் பிளாக்கின் அடியில் பழைய தண்ணீரை இறக்க ஒரு குழாய் இருக்கும். திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியபோது செங்காவிச் சேறு வந்தது. பின்பக்கத்துச் சிலிண்டரைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த துருவும் சுண்ணாம்பும். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த வினை. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைக் கட்டிதான் எஞ்சினுக்குள்ளும் படியும். இரும்பு சூட்டைக் கடத்தும் அளவுக்கு அந்தக் கட்டி கடத்தாது. சூடு உள்ளேயே நிற்கும். பிளாக்கைக் கழுவி, ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையில் கொடுத்து மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றினார்கள். கூலண்ட் பனி பெய்யும் ஊருக்கு மட்டும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் ஏற்றும். ஒரே எச்சரிக்கை, அது இனிப்பான விஷம். குழந்தைகளும் நாய்களும் நெருங்காத இடத்தில் வைக்க வேண்டும்.

இப்படி எங்கள் வண்டியில் ஒரே பெரிய குற்றவாளி இல்லை. ஐந்தாறு சில்லறைத் திருடர்கள். ஒவ்வொருவனும் கொஞ்சம் கொஞ்சம் திருடினான். தெர்மோஸ்டாட் அந்தக் கூட்டத்திலேயே இல்லை! புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு, அட்டையை வெட்டி வைத்து, விளக்குகளை இறக்கி, டைமிங்கைத் திருத்தியபின் மே மாதத்து மத்தியானத்தில் போடிமெட்டு ஏறினோம். முள் முக்காலுக்குப் போய் அங்கேயே நின்றது. மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்கினோம். இறங்கும்போது முள் பாதியை விட்டு நகரவில்லை. கரண்ட் ஃபேனைக் கழற்றி வைத்தாயிற்று. செலவு, முதல் இரண்டு பட்டறையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் அது நியாயமாகாது. அந்த வயதான மெக்கானிக்கின் மகனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்டது: "ரெண்டு மணி நேரம் ஒக்காந்து என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சேன்னு வைங்கய்யா, அதுக்கு யாரு காசு தர்றா? சாமான் மாத்துனாத்தான் காசு. 'சும்மா பாத்ததுக்கா நானூறு ரூவா'ன்னு கேக்குறாங்க. சாயங்காலமே வண்டி வேணும்னு வேற நிக்கிறாங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அவர் சொல்வது சரி. டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒன்றும் இல்லை, போங்கள்" என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். வக்கீல் ஒரு யோசனை சொன்னால் கொடுக்கிறோம். எண்ணெய்க் கையோடு நிற்பவர் மூளையைச் செலவழித்தால் மட்டும் அது இலவசம். கையில் சாமானைக் காட்டினால்தான் பணம் என்று நாம் பழக்கிவிட்டோம். அவர்களும் எதையாவது மாட்டுகிறார்கள், அல்லது எதையாவது கழற்றுகிறார்கள். தெர்மோஸ்டாட் கையில் எடுத்துக் காட்ட வசதியான சாமான். அதுதான் அது செய்த குற்றம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு தரப்பையும்தான். பட்டறைக்காரர்களே, கோளாறு கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம் என்று பலகையில் எழுதிப் போடுங்கள். வாங்குங்கள். வாங்கிவிட்டு, காற்று, தண்ணீர், மூடி, பெல்ட், ஹோஸ், டைமிங், கலவை, ஹெட் கேஸ்கட் என்று வரிசையாகப் பாருங்கள். எளிதானது முதலில், எஞ்சின் தலையைப் பிரிப்பது கடைசியில். பதினெட்டு வயதுப் பையன்களிடம் சூடான வண்டியின் மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். வாடிக்கையாளர் கத்தினால் கத்தட்டும்.

வண்டிக்காரர்களே, ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். எப்போது, எந்த வேகத்தில், ஏற்றத்திலா சமதரையிலா சூடாகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். கண்டுபிடித்தவருக்கு அதற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். "கழட்டிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், "அதை வெந்நீரில் போட்டுச் சோதித்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சோதித்துக் காட்டினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். காட்டாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

என் மைத்துனரின் வண்டி பழைய இரும்புக்காரரிடம் போகவில்லை. அந்தப் பையனும் இப்போது அந்த வயதான மெக்கானிக்கின் மகனிடமே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வலது கை ஒத்துழைக்காததால் கார்புரேட்டர், டைமிங் போன்ற நுணுக்க வேலைகளை மட்டும் கற்றுக்கொள்கிறான். நல்ல காது அவனுக்கு, எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்கிறான் என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவன் முழங்கை நீளாது. சில நூறு ரூபாய் மூடியை முதல் நாளே ஒருவர் அமுக்கிப் பார்த்திருந்தால் அந்தச் சோதனை ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

நான் சொல்வதில் தப்பு இருக்கிறது என்று நினைக்கும் அன்பர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள். "இருபது வருஷமாகத் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத நினைப்பவர்கள் மட்டும், தயவுசெய்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு.